புதுப்பிப்பு: கார்ட்லெஸ் காம்போ செட்டை வாங்கிவிட்டேன்

டிரில், இம்பாக்ட் டிரைவர் (தட்டித் தட்டித் திருகு முடுக்கும் கருவி), கிரைண்டர், இரண்டு பேட்டரி, சார்ஜர் சேர்ந்த 18 வோல்ட் செட் வாங்கலாமா, தனித்தனியாக வாங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

செட்டையே வாங்கினேன். திருப்பாப்புலியூர் கடையில் விலையைப் பிரித்துக் கேட்டபோது, பேட்டரிகளும் சார்ஜரும் மட்டுமே செட் விலையில் பாதியைத் தாண்டின. அப்புறம், பெட்டியில் 20 வோல்ட் என்று போட்டிருந்தால் பெரியது என்று நினைக்காதீர்கள். 18, 20 இரண்டிலும் தொடராக 5 லித்தியம் செல்தான்; முழு சார்ஜில் அளந்தால் 20–21, சராசரியாக 18. பார்க்க வேண்டியது ஆம்பியர் ஹவர், அதாவது பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு. எனக்கு வந்த பேட்டரிகள் 2 ஆம்பியர் ஹவர்தான். திருகு முடுக்க நாள் முழுக்கத் தாங்குகிறது, கிரைண்டரில் போட்டால் சீக்கிரம் இறங்கிவிடுகிறது. 4 ஆம்பியர் ஹவரில் ஒன்று தனியாக வாங்கப்போகிறேன், அதே கம்பெனியில்தான். வேறு கம்பெனி பேட்டரி இதில் பொருந்தாது.

தேவனாம்பட்டினத்தில் அக்கா வீட்டு மாடியில் கரண்ட் இல்லாத நாளில் தகரக் கூரை போட்டோம். ஒயர் இழுக்காமல் ஏணியில் நின்று வேலை செய்தது எவ்வளவு நிம்மதி! கான்கிரீட் தூணில் மட்டும் டிரில் திணறியது. அதற்கு ரோட்டரி ஹாமரை (கான்கிரீட்டைக் குத்தித் துளைக்கும் பெரிய டிரில்) வாடகைக்கு எடுத்தேன். உப்புக் காற்று என்பதால் வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் துடைத்துப் பெட்டியில் வைக்கிறேன்.