பிட் ராட்: ‘அழுகல்’ வேண்டாமே, ‘உளுத்தல்’ எப்படி?

நண்பர்களே, வணக்கம்.

சேமித்து வைத்த கோப்பு யாரும் தொடாமலே உள்ளுக்குள் பிட் மாறிக் கெட்டுப்போவதைத்தான் ஆங்கிலத்தில் பிட் ராட் (bit rot) என்கிறார்கள். அதற்குத் தமிழில் இங்கே வந்த ‘பிட் அழுகல்’ எனக்கு ஒட்டவில்லை. அழுகினால் நாறும், பார்த்தாலே தெரியும். இது அப்படியா? எங்கள் ஊர்ச் சின்ன அருங்காட்சியகத்தில் பழைய கண்ணாடி நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். போன மாதம் ஒரு ஜேபெக் (JPEG, சுருக்கிய படக் கோப்பு) திறந்தால் கோபுரம் பாதிவரை சுத்தமாக இருக்கிறது, அதற்குக் கீழே எல்லாம் ரோஸ் பட்டையாக விலகிக் கிடக்கிறது. கோப்பின் அளவு மாறவில்லை, தேதியும் மாறவில்லை. டிஸ்க்கிலா, கேபிளிலா, மெமரியிலா, எங்கே கெட்டது என்று இன்னும் பிடிபடவில்லை. (சுருக்காத டிஃப் (TIFF) படக் கோப்பில் ஒரு பிட் புரண்டால் பெரும்பாலும் ஒரு புள்ளியோடு போய்விடும், ஜேபெக்கில் அங்கிருந்து பின்னால் வருவதெல்லாம் குழம்பலாம்.)

‘செல்லரிப்பு’ ஓலைச்சுவடியை நினைவூட்டுவதால் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் செல் அரித்தால் ஓட்டை தெரியும். தவிர, இன்றைய பிள்ளைகள் கைப்பேசிக்கு ஏதோ அரிப்பு என்று படிப்பார்கள். ‘தரவுச் சிதைவு’ நல்ல சொல்தான், ஆனால் காப்பி ஓடும்போது கரண்ட் போய்க் கோப்பு பாதியில் நின்றாலும் அதையேதான் சொல்கிறோம்.

என் ஓட்டு ‘உளுத்தல்’. உளுத்த உத்தரம் வெளியே வார்னிஷோடு பளபளவென்று நிற்கும், விரலால் அழுத்தினால் மாவு கொட்டும். வினையாகவும் புழங்குகிறது பாருங்கள்: கோப்பு உளுத்துவிட்டது, உளுத்த படம், உளுக்காத பிரதி.

இவ்வளவு பிடிவாதம் எதற்கென்றால், செலவுக் கணக்கே இதில்தான் நிற்கிறது. 10,000க்கு 8,000 புள்ளி, 24 பிட் வண்ணம் என்றால் சுருக்காத படம் ஒன்று 240 எம்பி, 1,200 கண்ணாடி நெகட்டிவுக்கு 288 ஜிபி. எல்டிஓ டேப் (LTO, கோப்புகளைச் சேமிக்கும் காந்த நாடா) மலிவு, அதை ஓட்டும் டிரைவ் லட்சக்கணக்கில், நமக்குக் கட்டாது. 1 டிபி டிஸ்க் மூன்று வாங்கி ஒன்றை வேறு கட்டடத்தில் வைத்தால் போதும், ஆனால் உளுத்த பிரதியைத் தெரியாமல் நல்லதன் மேல் எழுதிவிட்டால் மூன்றும் போச்சு. அதனால் ஸ்கேன் செய்த அன்றே ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 (SHA-256, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான குறி) எடுத்து வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிடுகிறோம். கையேட்டில் ‘உளுத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே படியெடுக்கவும்’ என்று எழுதினால், சனிக்கிழமை மட்டும் வரும் தன்னார்வலருக்கும் விளக்கம் தேவைப்படாது.

அப்புறம், இந்த ஷா-256 மாதிரியான செக்சமுக்கு (checksum) ‘சரிபார்ப்புத் தொகை’ என்று போட்டிருந்தேன். எங்கள் கணக்கர் எத்தனை ரூபாய் என்று கேட்டுவிட்டார். அதற்கும் யாராவது வேறு சொல் கொடுங்கள்.