மலையேறி வந்த 'குவாண்டம்' பெட்டி – உங்க பக்கமும் வந்துச்சா?

ஹட்டன் மாஸ்டர்:

பக்கத்துத் தோட்டத்துக் கோயில் மண்டபத்துல 'ஹெல்த் கேம்ப்'னாங்க, போனேன். டை கட்டின தம்பி ஒருத்தர், ஒரு லெப்டொப், வயர் மாட்டின சின்னப் பெட்டி. உலோகக் குச்சியை ஒரு நிமிஷம் உள்ளங்கையில பிடிச்சா ஈரல், சிறுநீரகம், 'மன அழுத்த அளவு' எல்லாம் கலர் கலரா வருது. வந்த அத்தனை பேருக்கும் மன அழுத்தம் 'கூடுதல்'. அதுக்கு ஒரு டின் மாவு, விலை ஒரு வாரக் கூலிக்குக் கிட்ட.

நான் பௌதிகவியல் சொல்லிக் கொடுக்கிறவன். "தம்பி, இது எதை அளக்குது?"ன்னேன். "உடம்புல இருந்து வர்ற குவாண்டம் அலையை, சேர்." சரின்னு லேஞ்சியை, அதான் கைக்குட்டையை, நனைச்சுக் குச்சியில சுத்தி, வயசு, நிறை, உயரத்துக்கு என்னோடதையே போடச் சொன்னேன். லேஞ்சிக்கு ஈரல்ல கொழுப்பு, தூக்கமும் குறைவாம். டின் ரெண்டு வேணும்.

குவாண்டம்னா அணு அளவுல நடக்கிறதைச் சொல்ற பௌதிகம். உண்மையான குவாண்டம் கருவி, ஆஸ்பத்திரியில உடம்புக்குள்ள படம் எடுக்கிற எம்.ஆர்.ஐ.தான். உடம்புத் தண்ணியில இருக்கிற ஐதரசன் அணுக்கருவுக்கு 'ஸ்பின்'னு ஒரு குவாண்டம் குணம் உண்டு. 1.5 டெஸ்லா காந்தத்துக்குள்ள அது சுமார் 64 மெகாஹேர்ட்ஸ் ரேடியோ அலைக்குத்தான் பதில் சொல்லும். அடிப்படையை 1946ல புளொக்கும் பர்செலும் தனித்தனியா காட்டி, 1952ல நோபல் வாங்கினாங்க. அத்தனை பெரிய மெஷினே "உனக்கு மனச்சோர்வு"ன்னு சொல்லாது. கட்டி கிட்டி இருக்கான்னு பார்க்கத்தான் டொக்டர் அனுப்புவார், மத்தது உக்கார வச்சுப் பேசித்தான் தெரியும். குச்சி சொல்லிருச்சாம்!

அப்புத்தளை மருமக:

உங்க லேஞ்சியோட போச்சு சேர், எங்க வீட்டுல மாமியே மாட்டினாங்க. அவங்களுக்கு இருமுனை நோய், மனசு ஒரேயடியா ஏறும், இல்லாட்டி இறங்கும்; அதுக்கு லித்தியம்னு குளிசை குடிக்கிறாங்க. ஃபோன்ல ஒருத்தர் 'குவாண்டம் ஹீலிங்' வகுப்பு நடத்துறார். குளிசை உடம்போட அதிர்வை அடைச்சிரும், நிறுத்துங்கன்னு அவர் சொல்ல, மாமி எங்ககிட்ட மூச்சு விடாம நிறுத்திட்டாங்க. அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. லித்தியத்துல கை நடுங்கும். கொழுந்து எடுக்கிற கை. தண்டும் முத்தலும் சேர்ந்து வந்தா கங்காணி ஏசுவார்.

கொஞ்ச நாள்ல ராத்திரி ரெண்டு மணிக்கு எழும்பி இஸ்தோப்பு கழுவ ஆரம்பிச்சாங்க. நம்மது முடிஞ்சதும் அடுத்த காம்பராவோடது. கடையில கடன் சொல்லி லயம் பூரா பிஸ்கட் பக்கெட். காத்துகருப்புன்னு பூசாரியைக் கூப்பிட்டோம். அந்த மனுசன் பரவாயில்ல, கயிறு கட்டிட்டு "கிளினிக்குக்கும் கூட்டிட்டுப் போங்க"ன்னார்.

டொக்டர் மிஸ் மருந்தைத் திரும்பத் தொடங்கி, அளவைக் கொஞ்சம் மாத்தினாங்க, நடுக்கம் இப்ப குறைவு. இரத்தத்துல லிட்டருக்கு 0.6 – 1.0 மில்லிமோல் அளவுல நிக்கணுமாம். வயித்தால போனாலோ, வெயில்ல வேர்த்துத் தண்ணி குடிக்காட்டியோ கூடி நஞ்சாகிருமாம். இப்ப மாமியோட மலைக்கு ஒரு தண்ணிப் போத்தலும் போகுது.

பேராதனை கெம்பஸ்:

அக்கா சொன்ன லித்தியத்துகிட்டதான் குவாண்டம் ஆராய்ச்சி நிஜமாவே வந்து நிக்குது. இயற்கையில லித்தியம்-6, லித்தியம்-7னு ரெண்டு வகை அணு உண்டு. இரசாயனத்துல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு, கருவோட ஸ்பின் மட்டும் வேற. மாமியோட குளிசையில பெரும்பகுதி 7தான். 1986ல ஒரு ஆய்வுல, 6 கொடுத்த தாய் எலிகள் துறுதுறுன்னு குட்டிகளை நக்கிக்கிட்டே இருந்துச்சாம், 7 கொடுத்ததுகள் மந்தம். இதையும் மனசுல வச்சு கலிபோர்னியாவுல மத்தியூ ஃபிஷர்ங்கிற பௌதிகவியலாளர் 2015ல ஒரு கருதுகோள் எழுதினார்: மூளையில பொசுபரசுக் கருக்களோட ஸ்பின் குவாண்டம் தகவலைத் தாங்கலாம், லித்தியம் அதுல தலையிடலாம்.

அதுக்கு முன்னமே, 2000ல இன்னொரு பௌதிகவியலாளர் மக்ஸ் டெக்மார்க் கணக்குப் போட்டுப் பார்த்து, மூளைச் சூட்டுல நரம்புக்கலத்துக் குவாண்டம் நிலை ஒரு விநாடியின் பத்து இலட்சம் கோடியில ஒரு பங்குக்கு மேல தாங்காதுன்னார். அணுக்கருவோட ஸ்பின் அதைவிட நின்னு பிடிக்கும்ங்கிறது ஃபிஷரோட பக்கம். எனக்கு அவர் கேள்வி பிடிக்கும். ஆனா இன்னும் நிறுவப்படல, ஒரு டின் மாவும் அதுலருந்து பிறக்கல.

ஹட்டன் மாஸ்டர்:

பவுலியையும் சொல்லணும். குவாண்டம் பௌதிகத்தைக் கட்டி எழுப்பினவர்கள்ல ஒருத்தர், 1945ல நோபல். அம்மா 1927ல தற்கொலை, 1930ல விவாகரத்து, குடி. அந்த மனுசன் சூரிச்சுல யுங்ங்கிற மனநல டொக்டர்கிட்ட போனார், அவர் தன் மாணவி ஒருத்தர்கிட்ட அனுப்பினார், உக்காந்து கனவுகளைச் சொன்னார். தன்னோட சமன்பாட்டை எழுதி நெஞ்சுல ஒட்டிக்கல.

கிளினிக் நேர்ஸ், பதுளை:

எல்லாம் சரி சேர், வாங்கினவங்களை மட்டும் ஏசாதீங்க. கிளினிக் நாள்ல மலைக்குப் போகாட்டி அன்னைக்குப் பேர் இல்ல, கூலியும் இல்ல. பஸ் காசு வேற. கொப்பியோட வரிசையில நின்னு திரும்பிப் போக அந்தியாகிரும். பெட்டிக்காரர் கோயிலுக்கே வர்றார், பேரைக் கேட்டு உக்கார வைக்கிறார், பத்து நிமிஷம் காது கொடுக்கிறார். நாங்க ஒரு ஆளுக்கு அவ்வளவு நேரம் கொடுக்கிறது அபூர்வம்.

குளிசையை நிறுத்தணும்னு தோணினா நிறுத்துறதுக்கு முன்ன எங்ககிட்ட வந்து சொல்லுங்க, நடுக்கத்துக்கெல்லாம் வழி இருக்கு. ராத்திரி அவசரம்னா தேசிய மனநல நிறுவனத்தோட 1926ங்கிற ஃபோன் இலக்கத்துக்கு எடுங்க. தோட்ட டிஸ்பென்சரியிலயே மாசாந்த மருந்து கிடைக்க ஏற்பாடு பண்ணினவங்க யாராவது இங்க இருந்தா, துரைகிட்ட எப்படிப் பேசினீங்கன்னு எழுதுங்க. எங்க பக்கத்துல மூணு தோட்டத்துக்குத் தேவைப்படுது.