க்ரண்ட் வாட்ச் நிற்காமல் ஓடுகிறது, சிஎஸ்எஸ்ஸும் காணாமல் போகிறது

கேள்வி:
வணக்கம். எழுதியதை வலைப்பக்கங்களாக மாற்றித் தரும் ஜெக்கிலில் ஒரு வலைப்பதிவு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் டெர்மினலில் கட்டளை அடித்துச் சலித்துப்போய், வேலைகளைத் தானாக ஓட்டும் க்ரண்ட்டையும் அதற்கான க்ரண்ட்-ஜெக்கில் ப்ளக்இனையும் போட்டேன். கூடவே பக்கத்துக்குத் தோற்றம் தரும் சிஎஸ்எஸ் ஃபைலைச் சுருக்க சிஎஸ்எஸ்மின், ஃபைல் மாறியதும் டாஸ்க்கை ஓட்ட வாட்ச். க்ரண்ட்டைத் தொடங்கியதும் ஓடும் டீஃபால்ட் டாஸ்க்கில் முதலில் சிஎஸ்எஸ்மின், அடுத்து ஜெக்கில், கடைசியில் வாட்ச். சுருக்கிய சிஎஸ்எஸ் நேரே, ஜெக்கில் பக்கங்களை எழுதும் _சைட் ஃபோல்டருக்குள் போய் விழும். எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று வாட்சுக்கு, எல்லா ஃபோல்டர்களிலும் உள்ள எல்லா ஃபைல்களையும் குறிக்கும் **/* கொடுத்திருக்கிறேன்.

ஒரு பதிவில் காற்புள்ளி ஒன்றை மாற்றி சேவ் செய்தேன். பில்ட் ஓடியது. முடிந்ததும் மறுபடி ஓடியது. நானாக நிறுத்தும்வரை அது நிற்கவே இல்லை. பக்கத்தைத் திறந்தால் வெள்ளைப் பின்னணியில் நீல லிங்க்குகள் மட்டும். சிஎஸ்எஸ் ஃபைலே இல்லை. பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை என்பதுதான் எரிச்சல்.

பதில் 1:
இரண்டும் தனித்தனிச் சிக்கல். **/* என்றால் _சைட்டும் அதில் அடங்கிவிடும். ஜெக்கில் அங்கே எழுதுகிறது, வாட்ச் அதை மாற்றம் என்று எடுத்துக்கொண்டு மறுபடி ஜெக்கிலைக் கூப்பிடுகிறது. !_சைட்/** என்று ஒரு விலக்கு வரி சேர்த்தால் சுற்றல் நிற்கும்.

சிஎஸ்எஸ் போவதற்குக் காரணம் வரிசை. ஒவ்வொரு பில்டிலும் ஜெக்கில் தான் உருவாக்காத ஃபைல்களை _சைட்டிலிருந்து துடைத்துவிடும். சிஎஸ்எஸ்மின் எழுதி வைத்ததை அடுத்த நொடியே ஜெக்கில் அழிக்கிறது. ஜெக்கிலை முன்னால் போடுங்கள்.

பதில் 2:
விலக்கு வரி போடுவதைவிட, வேண்டியதை மட்டும் பட்டியலிடுவது நல்லது: _போஸ்ட்ஸ், _லேஅவுட்ஸ், _இன்க்ளூட்ஸ், சிஎஸ்எஸ் மூலங்கள், கான்ஃபிக் ஃபைல். **/* போட்டால், ப்ளக்இன்கள் இருக்கும் நோட்_மாட்யூல்ஸுக்குள் கிடக்கும் ஆயிரக்கணக்கான ஃபைல்களையும் வாட்ச் சுமக்க வேண்டியிருக்கும்.

கேட்டவர்:
பட்டியலிட்டேன், சுற்றல் நின்றது. நன்றி! ஆனால் சிஎஸ்எஸ் விஷயம் விசித்திரமாக இருக்கிறது. க்ரண்ட்டைத் தொடங்கியதும் பக்கம் அழகாக வருகிறது. ஒரு பதிவைத் திருத்தி சேவ் செய்தால் மறுபடி வெறும் பக்கம். வரிசையை மாற்றிவிட்டேனே?

பதில் 1:
டீஃபால்ட்டில் மாற்றியிருப்பீர்கள். வாட்சுக்குள் தனியாக ஒரு டாஸ்க் பட்டியல் இருக்குமே, அதில் என்ன இருக்கிறது?

கேட்டவர்:
ஜெக்கில் மட்டும்தான். அட!

பதில் 1:
அதேதான். சேவ் செய்யும்போது ஓடுவது அந்தப் பட்டியல்தான். ஜெக்கில் துடைத்தபின் திரும்ப எழுத ஆளில்லை. ஜெக்கில், சிஎஸ்எஸ்மின் இரண்டையும் சேர்த்து ‘கட்டு’ என்றோ வேறு பெயரிலோ ஒரு டாஸ்க்கைப் பதிவு செய்து, டீஃபால்ட்டிலும் வாட்சிலும் அதையே கூப்பிடுங்கள். வரிசை ஒரே இடத்தில் இருந்தால் இந்த மறதி வராது. நானும் இப்படி ஒரு மாலை முழுக்கத் தொலைத்தவன்தான்.

பதில் 3:
கான்ஃபிக் ஃபைலில் கீப்_ஃபைல்ஸ் என்று ஒரு அமைப்பு உண்டு. அதில் சிஎஸ்எஸ் ஃபோல்டரைக் கொடுத்தால் ஜெக்கில் அதைத் தொடாது. பாதையை _சைட்டுக்குள்ளிருந்து கணக்கிட்டுக் கொடுங்கள். ஆனால் நீங்கள் நீக்கிய பழைய ஃபைலும் அங்கேயே தங்கிவிடும், அதனால் எனக்கு வரிசையைச் சரிசெய்யும் வழிதான் பிடிக்கும்.

கேட்டவர்:
‘கட்டு’ டாஸ்க் போட்டேன். ஐந்தாறு தடவை சேவ் செய்து பார்த்தேன், சிஎஸ்எஸ் அசையாமல் இருக்கிறது. பெயரையும் அப்படியே விட்டுவிட்டேன்.