ஒரே பைன், ஒரே உரம்: இடத்துக்கு இடம் பலன் ஏன் மாறுகிறது?

கேள்வி: கணக்குப்புலி

வணக்கம். அமெரிக்காவின் ஜார்ஜியா, வட கரோலினா மாநிலங்கள் இரண்டிலும் உள்ள லாப்லாலி பைன் (ஊசியிலை மர வகை) தோட்டங்களின் உரச் சோதனைத் தரவு கையில் இருக்கிறது. எல்லா இடத்திலும் ஹெக்டேருக்கு 224 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), 28 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்). ஓரிடத்தில் மரம் மளமளவென்று வளர்ந்திருக்கிறது. இன்னோரிடத்தில் உரம் போட்ட பிளாட்டுக்கும் (சோதனைப் பாத்திக்கும்) போடாததற்கும் வித்தியாசமே இல்லை. மண் பரிசோதனை எண்கள், மழை, வெப்பநிலை, வயது எல்லாவற்றையும் ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற கணினிக் கணிப்பு மாடலில் போட்டேன். முதலில் பிரமாதமாக வந்தது. மாடல் பார்க்காத புதுத் தோட்டங்களில் கவிழ்ந்துவிட்டது. எனக்குப் புள்ளியியல் தெரியும், காடு தெரியாது. எதை விட்டுவிட்டேன்?

பதில்: வயல்காட்டான்

நெல்லுக்கு மண் பரிசோதனை அட்டையைப் பார்த்துத்தானே உரம் போடுகிறோம்? பைனுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்? லேபை மாற்றிப் பாருங்கள்.

பதில்: ஊசியிலை

லேப் மேல் தப்பில்லை அண்ணே. இது 25 வருடம் நிற்கிற பயிர். ஒருநாள் மண்ணில் இருந்த தழைச்சத்தை அளந்து பயனில்லை. மட்கிலிருந்து வருடா வருடம் எவ்வளவு வருகிறது என்பதுதான் கேள்வி. நடுவதற்கு முன் நிலத்தைக் கிளறும்போது மட்கு சிதைந்து சத்து தாராளமாக வரும். கன்றுக்கோ அப்போது தேவை கொஞ்சம்தான். பத்து வயதை ஒட்டி, கிளைகள் கூடி வானம் மறைகிற நேரத்தில் தேவை உச்சத்துக்குப் போகும். வரத்து அதற்குள் குறைந்திருக்கும். அந்தப் பற்றாக்குறை எவ்வளவோ அவ்வளவுதான் உரத்தின் பலன். தம்பி மாடலில் அதைச் சொல்லும் எண் ஒன்றுகூட இல்லை.

முதலில் இலைப்பரப்புக் குறியீட்டைச் சேர்க்கவும். அதாவது, ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே எத்தனை சதுர மீட்டர் இலை. உரம் முதலில் இலையைக் கூட்டும், இலை வெயிலைப் பிடிக்கும், அப்புறம்தான் தண்டு பருக்கும். குறியீடு 3.5-க்குக் கீழே இருந்தால் உரத்துக்கு வேலை இருக்கிறது என்று அமெரிக்கத் தெற்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ஏற்கெனவே இலை நிறைந்த தோட்டத்தில் யூரியா கொட்டுவது காசுக்குக் கேடு. லாண்ட்சாட் செயற்கைக்கோள் படத்திலிருந்தே கணக்கிடலாம், ஆனால் குளிர்காலப் படமாக இருக்கவேண்டும். ஸ்வீட்கம் மாதிரி அகன்ற இலை மரங்கள் அப்போது மொட்டையாக நிற்கும். கோடையில் எடுத்தால் அவற்றின் இலையும் பைன் கணக்கில் ஏறிவிடும். சமீபத்தில் நெருக்கம் குறைக்க இடையிடையே மரம் வெட்டிய தோட்டங்களைத் தனியாக வையுங்கள். அங்கே இலை குறைந்தது சத்துக் குறைவால் அல்ல.

அடுத்தது மண். லேப் எண்களைவிட வடிகால் எப்படி, களிமண் எத்தனை ஆழத்தில் வருகிறது என்பது அதிகம் சொல்லும். ஃப்ளோரிடாவில் ஏ, பி, சி என்று மண் குழுக்கள் பிரித்தது அந்த அடிப்படையில்தான். கடலோரச் சமவெளியில் நீர் தேங்கும் களிமண் என்றால் பெரும்பாலும் மணிச்சத்துதான் குறை. நடும்போதே போட்டால் பல வருடம் தாங்கும். ஆழமான மணலைப் பார்த்தால் தண்ணீர்தான் குறை என்று யாரும் நினைப்பார்கள். வட கரோலினாவில் ஸ்காட்லண்ட் கவுண்டி மணல் பகுதியில் 1992-இல் தொடங்கிய சோதனையில் பாசனத்தைவிட உரம்தான் வளர்ச்சியை அதிகம் கூட்டியது. மழை அளவை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள்.

யூரியா எந்த மாதம் போட்டார்கள் என்பதையும் தரவு அட்டவணையில் ஒரு நெடுவரிசையாகச் சேர்க்கவும். வெயிலில் போட்டு மழையும் வராவிட்டால் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

புள்ளியியலை உங்களுக்கே சொல்கிறேனே என்று கோபிக்கவேண்டாம். பிளாட்டுகளைக் கலைத்துப் போட்டுப் பாதியில் பயிற்சி, மீதியில் சோதனை என்று செய்திருப்பீர்கள். ஒரே தோட்டத்துப் பிளாட்டுகள் இரண்டு பக்கமும் விழும். கேள்வித்தாளை முன்கூட்டியே பார்த்து எழுதிய பரீட்சை அது. முழுத் தோட்டத்தையே வெளியே வைத்துச் சோதிக்கவும். உரம் போட்ட அன்று இருந்த மர அளவையும் சேர்க்கவும். சராசரிப் பலனே எட்டு வருடத்துக்கு, வருடம் ஹெக்டேருக்கு 3.5 கன மீட்டர் கூடுதல் மரம் என்ற அளவில்தான் சொல்கிறார்கள். தொடக்க வித்தியாசம் அதை எளிதாக மறைத்துவிடும்.

பதில்: கணக்குப்புலி

நன்றி அண்ணா. அதேதான் செய்திருக்கிறேன், பிளாட்டுகளைக் கலைத்துத்தான் பிரித்தேன். இன்னொன்று: இரண்டு தோட்டங்களில் மண்ணும் ஒன்று, இலைப்பரப்பும் குறைவு, ஆனால் ஒன்றில் மணிச்சத்துக்குப் பலனே இல்லை.

பதில்: ஊசியிலை

பலன் இல்லாதது பழைய பருத்தி வயலாக இருக்கலாம். அந்தக் காலத்தில் போட்ட மணிச்சத்து இன்னும் மண்ணில் தங்கியிருக்கும். ஜார்ஜியா டிஜிட்டல் நூலகத்தில் பழைய வான்படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வயலா காடா என்று பார்த்து ஆம், இல்லை என்று ஒரு நெடுவரிசை சேர்த்தால் போதும். அதற்கு முன் இரண்டு தோட்டங்களிலும் ஊசியிலை மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். குளிர்காலத்தில், உயர்ந்த மரங்களின் மேல் பகுதியில், அந்த வருடம் முதலில் வந்த தளிரிலிருந்து எடுக்கவேண்டும். மணிச்சத்து 0.12 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் அங்கே டிஏபிக்கு (மணிச்சத்து உரத்துக்கு) வேலை இல்லை.