முதல் யுகுலேலே: சோப்ரானோவா, கான்சர்ட்டா?

வணக்கம் நண்பர்களே. வயது 42. இதுவரை நான் வாசித்த ஒரே வாத்தியம் சாப்பாட்டு மேசைதான். இப்போது யுகுலேலே (நாலு தந்தி உள்ள குட்டி கிட்டார்) ஆசை பிடித்துக்கொண்டது.

போன மாதம் அவசரப்பட்டு ஆன்லைனில் 1,200 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். பார்க்க அழகு, அவ்வளவுதான். நாலு தந்தியையும் ஜி, சி, இ, ஏ என்ற ஸ்வரங்களுக்குச் செல்போன் ஆப் வைத்துச் சுருதி சேர்த்தால் ஒரு பாட்டு முடிவதற்குள் இறங்கிவிடுகிறது. புது நைலான் தந்தி சில நாள் இழுபடும், சரி. ஆனால் நாலு வாரமாக இதே கதை. அதைவிடக் கொடுமை, ஏ தந்தியைச் சும்மா மீட்டினால் சுத்தமாக இருக்கிறது. 12ஆவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்குக் கம்பிகள் பிரிக்கும் கட்டம்) அழுத்தினால் மேல் ஏ வராமல் அரை ஸ்வரம் கூடுதலான ஏ ஷார்ப் பக்கம் ஓடுகிறது. இது தந்தியை மாற்றினால் தீருமா, பொம்மை என்று பிள்ளையிடம் கொடுத்துவிடலாமா?

அடுத்ததையாவது ஒழுங்காக வாங்க வேண்டும். என்னுடையது 21 அங்குல சோப்ரானோ என்கிற சின்ன அளவு. எனக்கு விரல்கள் தடிமன். டி மேஜர் கார்டு (பல தந்திகள் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) பிடிக்க மூன்று விரலையும் இரண்டாவது ஃப்ரெட்டுக்குள் நுழைப்பது காலை நேரத்து மின்சார ரயிலில் ஏறுவது போல இருக்கிறது. அதனால் 23 அங்குல கான்சர்ட் நினைத்திருக்கிறேன். 26 அங்குல டெனர் வரை போக வேண்டுமா?

கையில் 5,000 ரூபாய் இருக்கிறது. லேமினேட் (மெல்லிய மர அடுக்குகளை ஒட்டிச் செய்தது) போதுமா, இல்லை பொறுத்திருந்து சாலிட் டாப் (மேல்பலகை ஒட்டாத முழு மரம்) வாங்கலாமா? அப்புறம், இந்த முறை கடைக்கே போகிறேன். வாசிக்கத் தெரியாத ஆள் அங்கே எதையெல்லாம் தொட்டுப் பார்க்க வேண்டும்?