“தூய்மைக் கலப்பு” வேண்டாம், “மாற்றுநிறுத்தல்” என்று வைக்கலாமா?

தங்கத்தோடு செம்போ வெள்ளியோ சேர்த்து வேண்டிய காரட்டுக்குக் கொண்டுவரும் வேலைக்குத் தமிழ்க் கலைச்சொல்லாக “தூய்மைக் கலப்பு” என்று முன்வைத்திருக்கிறீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அடுத்து வந்த பரிந்துரையான “கலப்பட விகிதம்” அதைவிட மோசம். கலப்படம் என்றாலே ஏமாற்று என்றுதான் நம் காதில் விழும், மிளகில் பப்பாளி விதை சேர்ப்பது மாதிரி. நகைக்குச் செம்பு சேர்ப்பது ஏமாற்று இல்லை. சொக்கத்தங்கத்தில் வளையல் செய்தால் நாலு நாளில் நெளிந்துவிடும், கல் பதித்தால் பிடிப்பு நிற்காது, அதனால் சேர்த்தே ஆகவேண்டும்.

“தூய்மை”யும் இங்கே பொருந்தாது. 18 காரட் தங்கம் தூய்மை கெட்ட தங்கமா என்ன? ஆயிரத்தில் 750 பங்கு பொன், அவ்வளவுதான். இதைச் சொல்ல நம்மிடம் “மாற்று” என்ற சொல் எத்தனையோ நூற்றாண்டாக இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் பொன்னின் எடையையும் எழுதி, அது எத்தனை மாற்று என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். பத்தரைமாற்றுத் தங்கம் என்று இன்றைக்கும் பேச்சில் சொல்கிறோம். அந்தப் பத்தரையை 24 காரட் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள், 22 காரட் ஒன்பதரையே அரைக்கால் (அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று) மாற்று, 18 காரட் ஏழேமுக்காலே அரைக்கால் மாற்று என்று பின்னம் பிசகாமல் வருகிறது. எனக்கு இது பெரிய சந்தோஷம்.

சரி, செயலுக்கு என்ன சொல்? அப்பா பட்டறையில் வேலை செய்தவர். பழைய நகையை அழித்துச் செய்யும்போது “மாத்து ஏத்தணும்”, “மாத்து எறக்கணும்” என்பார். ஆக மாற்றேற்றம், மாற்றிறக்கம் என்று இரண்டு சொல் கேட்காமலே கிடைக்கிறது. இறக்குவது எளிது. 11 கிராம் சொக்கத்துக்கு 1 கிராம் மற்றது, மொத்தம் 12, அதில் பொன் ஆயிரத்துக்கு 916 சொச்சம், அதாவது 22 காரட். புதிதாக வருகிறவர்கள் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று கேட்டுவிட்டு 12 கிராம் தங்கத்துக்கு 1 கிராம் போடுவார்கள், அது 923 ஆகிவிடும், நஷ்டம் பட்டறைக்கு.

ஏற்றுவதுதான் கணக்கு. ஒரு தடவை 20 கிராம் 18 காரட் சங்கிலியை 22 ஆக்கவேண்டி வந்தது. அப்பா சிலேட்டில் இடப்பக்கம் மேலே 24, கீழே 18, நடுவில் 22 எழுதினார். குறுக்கே கழித்தார். 24-லிருந்து 22 போனால் 2, அது 18-க்கு எதிரே. 22-லிருந்து 18 போனால் 4, அது 24-க்கு எதிரே. ஆக 18 காரட் இரண்டு பங்குக்குச் சொக்கம் நாலு பங்கு. இருக்கும் 20 கிராமுக்கு 40 கிராம் சொக்கம்! உள்ளங்கையில் அடங்கும் சங்கிலிக்கு அதைப்போல இரண்டு மடங்கு தங்கம் கேட்கிறதே என்று நான் திகைத்துப்போனேன். இந்தக் குறுக்குக் கணக்கைத்தான் ஆங்கிலத்தில் அலிகேஷன் என்கிறார்கள். இது நமக்கு வெளியிலிருந்து வந்த கணக்கு மட்டுமில்லை, பாஸ்கரரின் பழைய கணித நூலான லீலாவதியில் பொன் கலக்கும் கணக்கு இருக்கிறது, நம் பழைய தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரத்தில் பொன்வழி என்று தனிப் பகுதியே உண்டு.

ஏற்றம், இறக்கம் இரண்டுக்கும் பொதுப்பெயராக முதலில் நான் “மாற்றுக்கூட்டு” என்றுதான் எழுதி வைத்திருந்தேன். மறுநாள் படித்தால் தேர்தல் செய்தி மாதிரி இருந்தது. மாற்று எரிசக்தி, மாற்றுப்பாதை என்று அந்தச் சொல் இன்று வேறு பக்கம் போய்விட்டதுதான் சிக்கல். அப்போதுதான் அப்பா குகையை (தங்கம் உருக்கும் சின்னக் கிண்ணம்) உமியோட்டில் (உமி நெருப்புச் சட்டி) வைக்கும்போது சொல்வது ஞாபகம் வந்தது: “இருபத்திரெண்டுல நிறுத்து.” நிறுத்து என்றால் எடை போடு, அந்த இடத்தில் நிற்கவை, இரண்டும்தான். நிறுத்தல் அளவை என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இந்த வேலையில் நடப்பதும் அந்த இரண்டும்தானே, எடை போட்டு எடை போட்டு மாற்றை ஓர் இடத்தில் நிற்கவைக்கிறோம். அதனால் “மாற்றுநிறுத்தல்”, கணக்குக்கு “மாற்றுநிறுத்தல் கணக்கு”. “நிறுத்தம்” என்று மட்டும் ஆக்கிவிடாதீர்கள், பேருந்து வந்து நின்றுவிடும்.

நிறத்தை இதில் சேர்க்கக்கூடாது என்பதையும் வரையறையில் எழுதுங்கள். செம்பு கூடினால் சிவக்கும், வெள்ளி கூடினால் வெளிறும், ஆனால் இரண்டும் 22-ஆகவே இருக்கலாம்.

வெள்ளிக்கும் இதே சொல் செல்லுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி இருக்கும் 925 வெள்ளிக்கும் கணக்கு இதேதான், அதனால் செல்லும் என்றே நினைக்கிறேன். பட்டறையில் இருக்கிறவர்கள் யாராவது ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, நாக்கில் தட்டுகிறதா என்று எழுதுங்கள்.