சரிவில் ஃபிரேம் பூல் (கம்பிச் சட்டத்தில் ஷீட் மாட்டி நிலத்துக்கு மேல் நிற்கும் நீச்சல் தொட்டி) போட்டவர்கள் இருக்கிறீர்களா?

பண்டாரவளை ஹோம்ஸ்டே:
15 அடி வட்டம், 4 அடி உயரம். வீட்டுக்குப் பின்னால் பழைய தேயிலைத் தட்டில் போட்டோம். போட வந்தவர் மேல்பக்கத்தைக் கொஞ்சம் சுரண்டி, அந்த மண்ணையே பணியப் பக்கம் கொட்டி மிதித்து, பலகை மேல் ரசமட்டம் வைத்துக் காட்டி, "லெவல் சரி அண்ணே" என்றார். இரவு முழுக்க பம்ப் ஓடியது. காலையில் பார்த்தால் மேல்பக்கம் தண்ணீர் விளிம்புக்கு ஒரு சாண் கீழே, பணியப் பக்கம் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. சின்ன மகள்தான் "அப்பா, பூல் குனியுது" என்றாள். நான் பார்க்கப் பார்க்க அந்தப் பக்கத்துக் கால் ஒன்று மண்ணுக்குள் இறங்கியது, சத்தமே இல்லை. மகளைக் கையைப் பிடித்து மேலே இழுத்தேன், பிறகுதான் ஃபிரேம் கழன்றது. கீழே போஞ்சிப் பாத்தி முழுக்கப் போய்விட்டது, அது போகட்டும். அவள் எப்போதும் அந்தப் பணியப் பக்கத்தில் நின்றுதான் எட்டிப் பார்ப்பாள். அதை நினைத்தால் இன்னும் தூக்கம் வருவதில்லை.

ஹட்டன் பக்கம்:
நான் பிள்ளைகளுக்குப் போட்டது சின்னது, 10 அடி, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். உங்கள் பூலில் கிட்டத்தட்ட 17,000 லீற்றர், அதாவது 17 தொன். கொட்டி மிதித்த மண் அதைத் தாங்குமா? மேட்டை வெட்டித்தான் மட்டம் எடுக்க வேண்டும், பள்ளத்தை நிரப்பி எடுக்கக்கூடாது. ரசமட்டத்தில் 15 அடி பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய் பிடியுங்கள், உள்ளே காற்றுக்குமிழி இருக்கக்கூடாது. நடுவில் ஒரு முளை, சுற்றிலும் காலுக்கொரு முளை, ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் திரும்ப வெட்டுங்கள். ஒவ்வொரு காலுக்கும் கீழே கொங்கிரீட் கல், மண்ணோடு சமமாகப் புதைத்து. மணலைத் தடிப்பாகப் போட்டால் நம் மழைக்கு அடித்துக்கொண்டு போய்விடும். மேல்பக்கம் கான் வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். அப்புறம் முதலிலேயே முழுக்க நிரப்பாமல் இரண்டு அங்குலத் தண்ணீர் மட்டும் விட்டு, நாலு பக்கமும் அடிமட்டம் வைத்து ஆழம் பாருங்கள், தண்ணீர் பொய் சொல்லாது. இதெல்லாம் கேட்காமல் வேலைக்காரரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

கொஸ்லந்தை:
ஹட்டன்காரர் மட்டத்தைப் பற்றியே பேசுகிறார். மட்டமாக வெட்டினால் சரி என்றால் எங்கள் கதை நடந்திருக்காது. எங்களுக்கு மேலே உள்ள வீட்டில் பூல் போட்டார்கள், அருமையான மட்டம், ஒரு கால் அசையவில்லை. ஒக்டோபர் மழைக்கு முன்னால் காலி பண்ணுகிறோம் என்று வால்வைத் திறந்து குழாயைச் சரிவில் விட்டுவிட்டார்கள். நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். வெயில் நேரம், ஆனால் பின்பக்கக் கல்கட்டின் ஓட்டை எல்லாவற்றிலும் இருந்து சேற்றுத் தண்ணீர் பீச்சுகிறது. நடுக்கட்டு வயிறு தள்ளி நிற்கிறது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினோம். கட்டு விழவில்லை, ஆனால் அந்த வயிறு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மீரியபெத்தை எங்களுக்குப் பக்கம். 2014 ஒக்டோபர் 29 அங்கே நடந்த மண்சரிவைப் பார்த்தவர்களுக்கு மண்ணுக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினாலே தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது, இவர்கள் ஒரே இடத்தில் அத்தனை தொன் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள்.

நுவரெலியா:
எங்கள் மாமா போட்டார். மட்டம், கான், கல் எல்லாம் சரி. இந்தக் குளிரில் யார் இறங்குவது? வந்தவர்கள் கால் நனைத்து, கத்தி, போட்டோ எடுத்துவிட்டுப் போனார்கள். இப்போது கரட்டுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான்.

ஹட்டன் பக்கம்:
கொஸ்லந்தை அக்கா, நான் போடும் கதைதான் சொன்னேன், காலி பண்ணுவது வேறு கதை. வால்வில் ஹோஸ் மாட்டி, சீமெந்துக் கான் வரை கொண்டுபோய், கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும்.

கொஸ்லந்தை:
அதை மேல் வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள் தம்பி.

பண்டாரவளை ஹோம்ஸ்டே:
ரசமட்டம் வைத்தது நான் இல்லை, அவர். சரி, அதை விடுங்கள். ஷீட் கிழியவில்லை, இரண்டு கால் மட்டும் வளைந்துவிட்டது. தனியாகக் கால் எங்கேயாவது கிடைக்குமா? வீட்டில் இன்னும் சம்மதிக்கவில்லை, கேட்டு வைக்கிறேன்.